கட்டிய எஞ்சின் முரண்டு பிடித்தால்: எம்.ஜி.ஏ. காருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

எம்.ஜி.ஏ. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி; 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர். அந்த எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசிடரிலும் ஓடியது. ஆகவே வடசேரியிலோ தக்கலையிலோ அம்பாசிடர் டாக்சிக்கு எஞ்சின் இறக்கி ஏற்றிய மூத்த மெக்கானிக் ஒருவர் கிடைத்தால், இந்த வண்டியில் பாதி அவருக்கு ஏற்கனவே தெரியும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் குறிப்பு.

புதிதாகக் கட்டிய, அதாவது முழுதாகக் கழற்றிப் பழுது பார்த்து மறுபடி பூட்டிய எஞ்சின் தகராறு செய்தால் குற்றவாளி பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. ஒரு வாஷர், ஒரு எர்த் பட்டை, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் அடைத்துப்போயிருப்பது. ஆனால் நம் ஊரில் எதற்கெடுத்தாலும் “ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்” என்று (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி) ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. லேத் பட்டறை கடைசியில் வருகிறது.

கையில் இருக்க வேண்டியவை: ஃபீலர் கேஜ், டெஸ்ட் லாம்ப், கம்ப்ரெஷன் கேஜ், டைமிங் லைட், டார்க் ரெஞ்ச், அங்குல அளவு ஸ்பேனர். இந்த எஞ்சினின் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல மரை. ஹார்டுவேர் கடையில் தரும் மில்லிமீட்டர் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் பிளாக்கில் மரை போய்விடும். அம்பாசிடர் உதிரிபாகம் விற்கும் கடையில் கேளுங்கள்.

அறிகுறி 1: நெடுநாள் நின்ற வண்டி, எஞ்சின் சுற்றவே இல்லை

எந்த எஞ்சினைக் கட்டுவது என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

*முதலில் செய்வது.* ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பல எஞ்சின்கள் இதிலேயே விட்டுக்கொடுத்துவிடும். பிஸ்டன் ரிங் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்குமே தவிர, சேதம் பெரிதாக இருக்காது.

*அசையவில்லை என்றால்* ராக்கர் மூடியைத் திறந்து வால்வு ஏதாவது பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் ஹெட். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர் சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் சுவரை லேசாகத் தேய்க்கும் ஹோனிங் போதாது, சிலிண்டரைப் பெரிதாகக் குடையும் போரிங் செய்ய வேண்டும். பிஸ்டன் 0.010 முதல் 0.040 அங்குலம் வரை ஓவர்சைஸில் உண்டு. ஏற்கனவே கடைசி அளவுக்குப் போயிருந்தால் ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோகக் குழாய்) போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். அது பழைய எஞ்சின் எண்ணையும் காப்பாற்றும்.

*பிளாக் வெடித்திருக்கிறது, அல்லது கனெக்டிங் ராடு உடைந்து சுவரைத் துளைத்திருக்கிறது.* இப்போதுதான் மாற்று எஞ்சின் பற்றிப் பேச வேண்டும். முதலில் யோசனை சொல்ல வருபவர்கள் ஜப்பான் எஞ்சின் ஒன்றை வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம். அதற்குப் பிறகு கியர்பாக்ஸ், மவுண்ட், ரேடியேட்டர், சைலன்சர், மீட்டர் கேபிள் என ஒவ்வொன்றாகச் செய்யவேண்டி வரும். முடிவில் உங்களிடம் இருப்பது எம்.ஜி.யின் சட்டை போட்ட வேறொரு வண்டி. பின்னாளில் அம்பாசிடரில் வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினுக்கும் இதே பதில்தான். பெயர் அம்பாசிடர் என்றாலும் அது இந்தக் குடும்பம் இல்லை.

என் தேர்வு, பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, அது பெட்ரோல் எஞ்சின்தானா; டீசலும் அதே 1489 சி.சி.யில் வந்தது. இரண்டு, பிளக்கைக் கழற்றிய நிலையில் கையால் ஒரு முழுச் சுற்று தடையில்லாமல் வருகிறதா. மூன்று, முன் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் கிராங்க் கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறதா. ஆடினால் அந்த எஞ்சின் வேண்டாம். ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னாலும் இந்த மூன்றையும் விடாதீர்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றி வைத்தால் தேய்ந்த எஞ்சினும் அரை மணி நேரம் பணிவாக ஓடும்.

பழைய எம்.ஜி. எஞ்சினிலிருந்து எடுத்துவைக்க வேண்டியவை: ஹெட், கேம்ஷாஃப்ட், இரட்டைக் கார்புரேட்டரும் அதன் மேனிஃபோல்டும், டிஸ்ட்ரிபியூட்டர், பின்தட்டு, ஃப்ளைவீல், சம்ப், முன் மவுண்ட் தட்டு. அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள், வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறி முன்னேறும் கணக்கு (அட்வான்ஸ்) இரண்டிலும் வேறு. பழைய ஹெட்டைப் போடும் முன் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சீட்டுகளைச் சுற்றி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள்.

*ஆர்.டி.ஓ. விஷயம்.* எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மாற்றும் முன்பே உங்கள் அலுவலகத்தில், டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம், அனுமதி கேட்டுவிடுங்கள். 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் வண்டி மூல வடிவில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஸ்லீவ் போடும் செலவு கசந்தாலும் பழைய பிளாக்கையே மீட்பது புத்திசாலித்தனம்.

அறிகுறி 2: எஞ்சின் ஏற்றியாயிற்று, ஸ்டார்ட் ஆகவில்லை

*ஸ்டார்ட்டர் முனகுகிறது, சோக் கேபிள் சுடுகிறது.* கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, உறையிலிருந்து மெல்லப் புகை வந்தாலோ, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே எர்த் பட்டை இல்லை, அல்லது பெயின்ட் மேல் முறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் ஸ்டார்ட்டரின் முழு மின்சாரமும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. பெயின்ட்டைச் சுரண்டி, பட்டையை முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகளில் பட்டை இருந்தும் உள்ளே பச்சைப் பூசணம் பூத்திருக்கும். வெளியே பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

*நன்றாகச் சுற்றுகிறது, தீப்பொறி இல்லை.* காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய வயரில் டெஸ்ட் லாம்ப் வைத்து எஞ்சினைச் சுற்றுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், பெரும்பாலும் பாயின்டில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஸ்விட்ச்) இருக்கும் சிறிய இன்சுலேட்டர் வாஷர் தப்பான பக்கம் போயிருக்கிறது. மின்சாரம் நேராக பாடிக்கு இறங்குகிறது. புதிய பாயின்ட் போட்ட எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் பழுது இது. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் கூட்டல் முனை பாடியில் இருக்கும். அது தெரியாமல் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால் சாவியைத் திருப்பிய நொடியிலேயே அது போய்விடும்.

*தீப்பொறி இருக்கிறது, கார்புரேட்டர் வழியே தும்முகிறது.* டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தவறி உட்கார்ந்திருக்கிறது. முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வரும்போது அதன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். ராக்கர் இரண்டும் கையால் ஆட்டினால் லேசாக ஆடும். அப்போது ரோட்டர் முதல் பிளக் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால், சோதனைக்காக நான்கு வயரையும் இரண்டு இடம் தள்ளி மாட்டிப் பாருங்கள். எரியும் வரிசை 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. முறையாகத் திருத்த, டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ் இருக்கும் டிரைவ் கியரை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அதன் நடுவில் 5/16 அங்குல யு.என்.எஃப். போல்ட் ஒன்றைத் திருகி மேலே இழுத்தால் வந்துவிடும்.

*பெட்ரோல் வரவில்லை.* இதில் காதுதான் கருவி. சாவி போட்டதும் பின்பக்கத்திலிருந்து எஸ்.யு. பம்ப் டிக் டிக் என்று தட்டி, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் தட்டினால் டேங்க் காலி, அல்லது குழாயில் காற்று புகுகிறது. தட்டவே இல்லை என்றால் ஸ்பேனர் பிடியால் பம்பை ஒரு தட்டு தட்டுங்கள். உயிர் வந்தால் அதன் பாயின்ட் கருத்திருக்கிறது என்று பொருள்.

*மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்:* தீப்பொறி, பெட்ரோல் இரண்டும் சரி, ஆனால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் குறைவு என்றால் டைமிங் செயின் பல் தவறியிருக்கிறது. முன் மூடியைத் திறந்து இரண்டு கியரிலும் உள்ள குறிகளை நேர் பார்க்க வேண்டும். அதுவரை மறுபடி மறுபடி ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள்.

அறிகுறி 3: ஆயில் பிரஷர் ஏறவில்லை, அல்லது சூடானதும் விழுகிறது

*முதல் ஸ்டார்ட்டிலேயே முள் அசையவில்லை.* உடனே நிறுத்துங்கள். பம்ப் காய்ந்திருக்கிறது. கட்டும்போதே பம்பில் வாஸ்லைன் நிரப்பியிருந்தால் இந்தப் பிரச்சினை வராது. இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சிறுசிறு இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கேஜுக்குப் போகும் குழாயை எஞ்சின் பக்கம் தளர்த்திப் பிடித்தால் எண்ணெய் வருகிறதா என்று கண்ணாலேயே தெரியும். எண்ணெய் வந்தும் முள் அசையவில்லை என்றால் கேஜ் அல்லது அதன் குழாய்தான்.

*சூடானதும் குறைகிறது.* ஓட்டத்தில் ஏறத்தாழ 50 பி.எஸ்.ஐ., சூடான ஐடிலில் (மிதிக்காமல் நின்று ஓடும்போது) 15 முதல் 25 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதற்குக் கீழே போனால் வரிசையாகப் பாருங்கள். முதலில் எண்ணெய்: இக்காலக் கார்களுக்கான மெல்லிய எண்ணெய் இதற்குப் பொருந்தாது, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். இரண்டாவது, வேறொரு கேஜ் மாட்டி ஒப்பிடுங்கள். மூன்றாவது, பிளாக்கின் இடப்பக்கப் பின்மூலையில் குவிந்த தலையுள்ள நட்டுக்குள் இருந்து அதிகப் பிரஷரை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது கட்டும்போது மிதந்த ஒரு துணி நூல் அதன் சீட்டில் சிக்கியிருக்கலாம். கழற்றித் துடைத்துப் போட ஒரு மணி நேரம் ஆகாது.

ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் வைத்து முள்ளை ஏற்றிக் காட்டுபவர்கள் உண்டு. தேய்ந்த பேரிங்கை மறைக்கும் வித்தை அது. விற்பதற்கு உதவும், ஓட்டுவதற்கு உதவாது.

*மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்:* மூன்றும் சரி, அப்படியும் பிரஷர் இல்லை என்றால் பம்ப் அல்லது பேரிங். சம்பை இறக்கி, ஒரு மெயின் கேப்பையும் (கிராங்கைத் தாங்கும் பேரிங்கின் மூடி) ஒரு பிக்-எண்டு கேப்பையும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தின் மூடி) திறந்து, பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை வைத்து இடைவெளி அளக்க வேண்டும். பிரஷரும் குறைந்து அடியில் குமுறலும் கேட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி 4: புகை

நிறத்தைவிட அது வரும் நேரம் முக்கியம்.

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை, பிறகு இல்லை.* வால்வு கைடு அல்லது சீல் வழியாக இரவில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. கோதையாறு மலைச்சாலையில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது புகை வந்தாலும் அதே காரணம்தான்.

*மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை.* ரிங். ஆனால் எஞ்சின் கட்டி ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை என்றால் பதற வேண்டாம், ரிங் இன்னும் படியவில்லை. படியவிடாமல் செய்வது பெரும்பாலும் உரிமையாளரின் பாசம்: வண்டியை வாசலில் ஐடிலில் விட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஐடிலில் ரிங் படியாது, சிலிண்டர் சுவர் கண்ணாடியாகிவிடும். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரை போய், வேகத்தை ஏற்றி இறக்கி, சுமை கொடுத்து ஓட்டி வாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் முதலில் மூச்சுக்குழாயைப் பாருங்கள். அது அடைத்தால் நல்ல ரிங்கும் எண்ணெயை மேலே தள்ளும். அடுத்தது கம்ப்ரெஷன். எண்ணெய் ஊற்றாமல் ஒருமுறை, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி ஒருமுறை அளங்கள். ஊற்றியதும் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

*கறுப்புப் புகை* கார்புரேட்டர் விஷயம், அறிகுறி 7க்குப் போங்கள். *வெள்ளைப் புகை* எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அடுத்த பகுதியின் கடைசிப் பத்திதான் உங்களுக்கு.

அறிகுறி 5: வெப்பம் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*மார்த்தாண்டம் நெரிசலில் மட்டும் ஏறுகிறது, சாலை திறந்ததும் இறங்குகிறது.* காற்றுப் பிரச்சினை. ஃபேன் பெல்ட், பிறகு ஃபேன் இலைகள் பின்முன்னாக மாட்டப்பட்டிருக்கின்றனவா, பிறகு ரேடியேட்டர். கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் ரேடியேட்டரின் நடுவில் ஒரு விரலை மெல்ல அழுத்துங்கள். குழாய்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகடுகள் உப்புக்காற்றில் தின்னப்பட்டு, பச்சைத் தூளாக விரலில் ஒட்டிக்கொண்டு வரும். முன்னாலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். தொட்டால் ஒன்றும் இல்லை. குழாய் ஒழுகாததால் யாரும் அதைச் சந்தேகிப்பதும் இல்லை. புதிய கோர் போடுவதுதான் வழி.

*வேகமாக ஓட்டும்போது ஏறுகிறது.* தண்ணீர் ஓட்டம் அல்லது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். டைமிங் பின்தங்கியிருந்தால் எஞ்சின் நிச்சயம் சூடேறும். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கடைசியில் பார்க்கிறார்கள். 1489 சி.சி. எஞ்சின் உள்ள எம்.ஜி.ஏ. 1500க்கு, எஞ்சின் நின்ற நிலையில் 7 டிகிரி முன்னே. குறி, டைமிங் மூடியின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. படுத்துத்தான் பார்க்க வேண்டும். புல்லியின் பள்ளத்தில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தால் அடுத்த முறை சுலபம்.

டைமிங் சரி என்றால் தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பிளாக்கின் தண்ணீர்ப் பாதை. நெடுநாள் நின்ற எஞ்சினில் துருச்சேறு நான்காம் சிலிண்டரைச் சுற்றி இறுகியிருக்கும். வடிகால் டாப்பைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையா? டாப்பையே கழற்றிக் கம்பியால் குத்துங்கள். குத்தியும் வராவிட்டால் பிளாக்கின் சுவரில் உள்ள தகட்டு மூடியை (கோர் பிளக்) தட்டி எடுத்துக் கழுவ வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள்; கூலன்ட்டோடு வடிநீர் சேர்த்து ஊற்றுங்கள்.

ஒரு உள்ளூர்க் குறிப்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். வண்டி இலேசாக ஓடினாலும் ரேடியேட்டருக்குக் காற்றுக் குறைவு. திரும்பும்போது எதிர்க்காற்று, எஞ்சின் சமதளத்திலேயே மலை ஏறும் சுமையை இழுக்கும். இரண்டு திசையிலும் வெப்பமானி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் காற்றா, சுமையா என்று பிரிந்துவிடும்.

*தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது.* ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் தண்ணீர்ப் பாதை மறைந்துவிடும். ஹெட் நட்டு முறுக்கு 50 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே. இரண்டாவது கேஸ்கெட்டும் போனால் மூன்றாவதை வாங்காதீர்கள். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மட்டமும் விரிசலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: சத்தம்

*மேலே டிக் டிக்.* டேப்பட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி. எம்.ஜி.ஏ. 1500க்குச் சூட்டில் 0.017 அங்குலம். வால்வுகளை முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 என்று எண்ணி, ஒன்பதுக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஐச் சரிசெய்ய வேண்டும், 3 திறந்தால் 6, 5 திறந்தால் 4. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஹெட்டை மறுமுறுக்கு முறுக்கினால் டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

*சரிசெய்த அதே வால்வு மறுபடி மறுபடி சத்தம் போடுகிறது.* கேம்ஷாஃப்டின் அந்த மேடு தேய்கிறது. புதிய கேம் போட்டவர்கள் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் ராக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு கீழே போகிறது என்று அளங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் கேமும் அதன் மேல் உட்காரும் ஃபாலோயரும் சேர்த்தே மாற வேண்டும். புதிய கேமோடு பழைய ஃபாலோயரைப் போடுவது காசைக் கரியாக்குவது.

*சத்தமே இல்லை, ஆனால் எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்திருக்கிறது.* சந்தோஷப்படாதீர்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோனது. இந்த ஹெட்டின் இரும்புச் சீட் அந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டது. இப்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டைத் தின்று உள்ளே போகிறது. கடினச் சீட் போடுவது லேத் பட்டறை வேலை. எஞ்சின் கட்டும்போதே செய்தால் ஒரு செலவு. பிறகு செய்தால் இரண்டு.

*கீழே சத்தம்.* குளிரில் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன், ஓட்டலாம். ஆக்சிலேட்டரை விடும்போது கேட்கும் சன்னமான தட்டல் பிக்-எண்டு. ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பாருங்கள், எந்த வயரை எடுத்தால் தட்டல் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டர். மேடேறும்போது அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குமுறல் மெயின் பேரிங். பிக்-எண்டோ மெயினோ என்று சந்தேகம் வந்த இடத்திலேயே வண்டி நிற்க வேண்டும். இருபது கிலோமீட்டர் அலட்சியம், பேரிங் ஷெல்லோடு முடிய வேண்டியதை கிராங்க் கிரைண்டிங் வரை கொண்டுபோகும்.

*மேட்டில் சில்லறை குலுக்குவதுபோலச் சத்தம்.* டைமிங் அதிகம் முன்னே போயிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை பின்னே திருப்புங்கள்.

அறிகுறி 7: ஐடில் ஏறி இறங்குகிறது, இழுவை இல்லை

எல்லோரும் இரட்டைக் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வார்கள். டேப்பட், பாயின்ட், டைமிங் மூன்றும் சரியாகும் வரை கார்புரேட்டரின் ஒரு நட்டையும் தொடாதீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, மிதி முழுதாக அழுத்தினால் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிப்பாகத் தோன்றும், தரைவிரிப்பு மடங்கி மிதியைத் தடுத்த வண்டிகளும் வரும்.

பிறகு கார்புரேட்டர். ஒவ்வொன்றின் பிஸ்டனையும் விரலால் தூக்கி விடுங்கள். டக் என்று விழ வேண்டும். விழாமல் தயங்கினால் கழற்றித் துடைத்து, மேல் குழாயில் 20 கிரேடு எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் காற்று உறிஞ்சும் சீறலைக் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை த்ராட்டிலைச் சரிசெய்யுங்கள். அடுத்து கலவை: பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறினால் குறைவு. லேசாக ஏறி அடங்கினால் சரி. ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்.

இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலுக்குக் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கலவை மெலிந்துபோகும். ஜெட் நட்டை அதன் ஆறு முகங்களில் ஒன்றிரண்டு முகம் அளவு திருப்பி இறக்கவேண்டி வரலாம். அதைவிடப் பெரிய தொல்லை, எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் கரைப்பது. குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் இ20 தாங்கும் குழாய் போடுங்கள். பெட்ரோல் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது, நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

*சூட்டில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை.* பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதிக்கிறது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா? எஞ்சின் மாற்றும்போது இதைத் திரும்ப மாட்ட மறப்பது வழக்கம்.

*மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்:* ஐடிலில் த்ராட்டில் ஸ்பிண்டிலின் (த்ராட்டில் தகடு சுழலும் தண்டு) இரு முனையிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஐடில் மாறினால் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று புகுகிறது. புஷ் போட்டுத் துளையிடும் வேலை. கைத்துளைக் கருவியால் வீட்டில் முயலாதீர்கள்.

அறிகுறி 8: எண்ணெய் ஒழுகுகிறது

முதலில் மூச்சுக்குழாய். பிறகு ராக்கர் மூடியின் கார்க், பக்கவாட்டு டேப்பட் மூடிகள், முன் டைமிங் மூடியின் சீல். எங்கே என்று தெரியாவிட்டால் எஞ்சினைக் கழுவி, டால்கம் பவுடர் தூவி, தோவாளை வரை போய்வாருங்கள். கோடு தானாகத் தெரியும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் துளி சேர்ந்தால் அது பின் மெயின் பேரிங் பக்கம். இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய ஒரு திருகுமரைதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் நின்றதும் அதுவும் நின்றுவிடும், ஒன்றிரண்டு துளி விழத்தான் செய்யும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். தட்டு நிறைந்தாலோ, மேட்டில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தாலோதான் எஞ்சினை இறக்க வேண்டும். இறக்க நாள் குறிக்கும் முன் கிளட்ச் தட்டும் கார்பன் ரிலீஸ் பேரிங்கும் கைக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டி எஞ்சின் இல்லாமல் பட்டறையின் மூலையில் நிற்கும். அடுத்த அம்பாசிடர் வந்ததும் உங்கள் வண்டியைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.